வீட்டுத்தோட்டமும் வனஜீவராசிகளும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

மாத்தளை மாவட்டத்து உக்குவெலையிலும் ரத்தோட்டையிலும் யட்டவத்தையிலும் வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலத்தில் தென்னை, பலா, கமுகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ, ஆனைக்கொய்யா ஆகியவற்றை அடுக்கடுக்காக வளர்த்து, அவற்றின் விளைவிற் பாதியை உண்டும் பாதியைச் சந்தையில் விற்றும் ஜீவிக்கின்ற குடும்பங்களின் சங்கமாகிய நாம், மர அணில், குரங்கு முதலிய பிராணிகளால் நேரும் சேதத்தைக் குறித்து எம் அங்கத்தவரிடையே நெடுநாளாக நிலவிவந்த அபிப்பிராய பேதங்களை ஆராய்ந்து, இப்பொழுது ஒரு தீர்மானத்துக்கு வந்துள்ளோம். சுடுவதையும் நஞ்சிடுவதையும், பிடித்துக் கொண்டுபோய் வேற்றூரில் விடுவதையும் நாம் பரிகாரமென ஏற்கவில்லை. மர அணிலை ஒரு வீட்டுக்காரர் தம் முயற்சியாலேயே பெரும்பாலும் தடுத்துக்கொள்ளலாம். குரங்கைத் தடுக்க ஓர் ஊர் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் எழுதி, ஒரே பகையாக எண்ணி, ஒரே ஆயுதத்தை நீட்டுவதுதான் இதுகாறும் நடந்துவந்த பிழை என்பது எம் கருத்து.

2025 மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணிமுதல் 8.05 வரை, நாடெங்கும் மக்கள் தத்தம் காணிகளில் நின்று கண்ணுக்குப்பட்ட பிராணிகளை எண்ணிக் கிராம உத்தியோகத்தர் கொடுத்த படிவத்திற் பதிந்தனர். அதன் பயனாகச் செங்குரங்கு 51.7 இலட்சம், மந்தி 17.4 இலட்சம், மர அணில் 26.6 இலட்சம், மயில் 42.4 இலட்சம் எனத் தொகை வெளியாயிற்று. எம் அங்கத்தவரும் அன்று முற்றத்தில் நின்று எண்ணியவர்களே. ஆயினும், வேலிக்கு இப்பால் நின்ற குரங்கை நாமும் வேலிக்கு அப்பால் நின்றபோது அயலாரும் எண்ணியிருக்கக்கூடிய அந்த ஐந்து நிமிட வித்தையை வைத்துக்கொண்டு, இத்தனை இலட்சத்தைக் குறைக்கவேண்டும் என்று எவரேனும் திட்டம் வகுப்பாராயின் அதனை நாம் ஆதரிக்கமாட்டோம். குடிமக்களின் முறைப்பாடு எவ்வளவு பரந்தது என்பதற்கு அது நல்ல சான்று. பிராணிகளின் தொகைக்குச் சான்று ஆகாது.

அரசின் போக்கும் இக்காலத்தில் நிலையாக இருந்ததில்லை. குரங்கு, மயில், காட்டுப்பன்றி ஆகியவை பாதுகாக்கப்பட்ட பிராணிகளின் பட்டியலினின்றும் நீக்கப்பட்டன. 2023இல் ஓர் இலட்சம் செங்குரங்குகளைச் சீனத்துக்கு ஏற்றுமதி செய்யும் யோசனையை அக்காலத்து விவசாய அமைச்சர் வெளியிட, அது வழக்காகி, ஏற்றுமதி இல்லையென அரச தரப்பு நீதிமன்றத்தில் அறிவித்ததோடு முடிந்தது. உம் காணிக்குள் வரும் பிராணியை நீரே பார்த்துக்கொள்ளலாம் என்ற பாணியிலான பேச்சுக்களும் பின்னர் எழுந்தன. அவ்வாறு சொல்வது உரிமை வழங்குவது போலத் தோன்றினும், உண்மையில் அரசு தன் சுமையை ஏழைக் கிரகஸ்தரின் தோளில் இறக்கிவைப்பதேயாகும். கூரைமேல் ஓடும் முப்பது குரங்குகளுக்கு எதிரே ஒரு வாயுத் துப்பாக்கியோடு நிற்கும் மூதாட்டிக்கு அந்த உரிமையால் யாது பயன்?

மர அணிலின் விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் இதில் எம் கையில் உள்ளது அதிகம். நிலத்தில் இறங்குவதை வெறுத்து மரத்துக்கு மரம் தாவிச் செல்லும் இப்பிராணி, இருபதடி இடைவெளியையும் கடக்க வல்லது. பகலில் மட்டும் நடமாடுவது. இளநீர்ப் பருவத்துக் காயைக் குடைந்து, நீரையும் வழுக்கையையும் உண்டுவிட்டு அடுத்த காய்க்குப் போவது. கொக்கோக் காயைக் கடித்துத் திறந்து உள்ளிருக்கும் இனிய சதைக்காக விதையைச் சிதறடிப்பது. தென்னந்தண்டில் ஆளுயரத்துக்கு மேலே இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றிக் கட்டுவதே இதற்கு எல்லோரும் அறிந்த உபாயம். தென்னை பருத்து வளரும் மரமன்று ஆதலால் ஒருமுறை கட்டிய தகரத்தைத் துருப்பிடிக்கும்வரை தளர்த்தவேண்டியதில்லை. பலாவிலும் கராம்பிலும் அப்படியே விட்டுவைத்தால் பட்டை நெரிந்து மரம் கெடும்.

ஆனால் தகரம் கட்டியும் காய் போகிறதே என்று எம்மிடம் வருவோர் பலர். அவர்கள் தோட்டத்தில் நின்று தண்டைப் பார்க்காமல் அண்ணாந்து பார்த்தால் காரணம் விளங்கும். கிளிரிசீடியாவில் மிளகுக் கொடி. அதன் கிளை கமுகோடு உரசுகிறது. கமுகின் மடல் தென்னோலையைத் தொடுகிறது. தென்னோலை பலாவின் மேற்கொம்பில் சாய்ந்திருக்கிறது. அணிலுக்கு இது அரச பாட்டை. கண்டிச் சீமைத் தோட்டத்தின் இயல்பே இவ்வாறு விதானம் விட்டுப்போகாமல் இருப்பதுதான்; அந்நிழலும் ஈரமும் இன்றேல் மிளகும் இல்லை, கொக்கோவும் இல்லை. ஆகையால் தோட்டம் முழுவதையும் வெட்டி வெளியாக்கு என்று நாம் சொல்லமாட்டோம். எல்லையோரத்தில் தனித்து நிற்கும் தென்னைகளைத் தெரிந்து அவற்றுக்குத் தகரமிட்டு, கிளிரிசீடியாவை மிளகுக்கு வேண்டிய அளவுக்குத் தறித்து, கொக்கோவைப் பழுத்த உடனேயே பறித்து, பலாப்பழத்துக்குச் சாக்குக் கட்டி, மிஞ்சிய நடுத்தோட்டத்து மரங்களில் அணிலின் பங்கைக் கணக்கில் வைத்துக்கொள்வதே எம் அங்கத்தவர்க்கு நாம் கூறும் முறை. இரவிற் குடையப்பட்ட காய்க்கு அணிலைக் குற்றஞ்சாட்டுவோர் முதலில் எலியைத் தேடட்டும்.

இதே இனத்து அணிலுக்காகத்தான் தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சாரலில் 1988இல் ஒரு சரணாலயமே அமைக்கப்பட்டது. உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இப்பிராணியை அவர்கள் காண்பதரிது என்று காக்க, நாம் காணாத நாளில்லை என்று சலித்துக்கொள்கிறோம். எம் தோட்டங்கள் அதற்கு இடங்கொடுத்திருப்பதைக் குறையாக எண்ண எமக்கு மனமில்லை.

செங்குரங்கின் கதை வேறு. தகரமும் சாக்கும் அதன் விரல்களுக்கு ஒரு பொருட்டல்ல. இலங்கையிலன்றி வேறெங்கும் இயற்கையில் இல்லாத இக்குரங்கை 1968 முதல் பொலன்னறுவையில் ஆராய்ந்துவந்த வொல்ஃப்கேங் டிட்டஸ் முதலானோரின் உழைப்பால், பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே தங்க, ஆண் குரங்குகள் பருவம் எய்தியதும் வெளியேறும் என்பதும், மனிதர் எறியும் உணவைச் சார்ந்து அவற்றின் வாழ்வு மாறுகிறது என்பதும் தெளிவாயின. எம் மாவட்டத்தில் அந்த உணவு எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்ச்சியாளரிடம் கேட்கவேண்டியதில்லை. தம்புள்ளைக் குகைக்கோவிற் படியில் யாத்திரிகர் நீட்டும் வாழைப்பழத்திலும், வீதியோரக் கடைகளின் பின்புறத்து எச்சிற் குவியலிலும், சந்தையில் விலைபோகாது கொட்டப்படும் மரக்கறியிலும், எம் வீட்டுக் கோடியில் நாமே வீசும் சோற்றிலும் அது வருகிறது. நாம் ஒரு கையால் ஊட்டி மறு கையால் கல்லெறிகிறோம். குப்பையை மூடாத ஊரில் ஒரு வீட்டார் மட்டும் வலை போட்டால், கூட்டம் அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு கூட்டத்தையே பிடித்து நக்கிள்ஸ் மலையடியில் விட்டால், லக்கலைக் கமக்காரர் எம்மைச் சபிப்பர்.

2025இல் குரங்குக் கருத்தடைக்கான முன்னோடித் திட்டத்துக்கு எம் மாவட்டமே தெரிந்தெடுக்கப்பட்டதை நாம் வரவேற்கிறோம். ஆனால் இருபது ஆண்டுக்கு மேலும் உயிர்வாழக்கூடிய பிராணிக்குக் கருத்தடை செய்தால் அடுத்த போகத்திலேயே தேங்காய் மிஞ்சும் என்று மக்களை நம்பவைப்பது தகாது. எத்தனை குரங்குகள் பிடிக்கப்பட்டன, எங்கு விடப்பட்டன, அக்கூட்டங்கள் பின்னர் பெருகினவா குறைந்தனவா என்பன தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகங்களில் ஒட்டப்படல் வேண்டும்.

சுருக்குக் கம்பி, கட்டுத்துவக்கு, தீனிக்குள் மறைத்துவைக்கும் வெடியான ஹக்கப்பட்டாஸ், திருட்டு மின்கம்பி ஆகியவற்றைக் குறித்து எம்மிடம் விவாதமே இல்லை. அவற்றைப் பாவிப்பவர் எம் சங்கத்தில் அங்கத்தவராக நீடிக்க முடியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மரக்கறிப் பாத்தியருகே சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை சில நாட்களில் மாண்டதை இந்நாடு மறந்திருக்காது. பன்றிக்கு வைத்த கம்பி பன்றிதானா என்று பார்த்துப் பிடிப்பதில்லை. விறகுக்குப் போகும் பிள்ளையின் காலும் அதற்கு ஒன்றுதான். வில்கமுவ, கலேவெலப் பக்கத்தாரின் யானைத் தொல்லை வேறு அளவினது. அதனை இவ்வறிக்கையில் நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

மலையகத் தோட்டங்களில் லயன் வீட்டுக்குப் பின்னால் போஞ்சியும் கோவாவும் போடுகின்ற தொழிலாளர்க்குத் தம் பாத்தி தமக்குச் சொந்தமில்லை. எனவே தகரமோ வலையோ மானியமாகவும், சேதத்துக்கு நஷ்டஈடு ஏதேனும் நிர்ணயிக்கப்படுமாயின் அதுவும், காணி உறுதியைக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையின்றி, பயிரிட்டவரின் பெயருக்கே வழங்கப்படல் வேண்டும் என்று கோருகிறோம். பிரதேச சபைகள் சந்தைக் கழிவை மூடிய கொள்கலன்களில் அன்றன்றே அகற்றவும், கோவில், விகாரைப் பரிபாலன சபைகள் தம் வளவில் குரங்குக்கு உணவிடுதலை நிறுத்தவும் எம் பிரதிநிதிகள் மனுக் கொடுப்பார்கள். எம் அங்கத்தவர் வீடுகளின் குப்பைக் குழிகளை மூடும் வேலை அதற்கு முன்னரே, வருகின்ற மாதத்து முதல் ஞாயிறன்று, உக்குவெலையிலிருந்து தொடங்கும். மண்வெட்டி உள்ளோர் கொண்டுவருக.