பூசணத்தின் சாவிக்கொத்து

தஞ்சை டெல்டாவின் நெற்கழனிகளில் 1919-ஆம் வருஷம் குலை நோய் பெருவாரியாகப் பரவிற்று. இந்திய நாட்டில் இந்நோய் கொள்ளையாகக் கிளம்பியதாகப் பதிவு பெற்ற முதல் நிகழ்ச்சி அதுவே. இன்றும் சம்பாப் பட்டத்தில் பனியும் மேகமூட்டமும் சேர்ந்து வந்தால் குடியானவரின் நெஞ்சில் அச்சம் புகுந்து விடுகிறது. முதலில் இலையில் கண் வடிவமான புள்ளிகள் தோன்றும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு நிறம். பின்னர் கதிரின் கழுத்துக் கறுத்து ஒடியும். பால் பிடிக்குமுன் கழுத்தைத் தாக்கினால் மணி இராது, பதரே மிஞ்சும். உழுது, நட்டு, களை பறித்து, உரமிட்டுச் செய்ய வேண்டிய செலவையெல்லாம் செய்தான பிறகு விழும் இடி இது!

இதற்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத ஒரு பூசணம். மூன்று அறைகள் கொண்ட அதன் வித்து, காற்றில் மிதந்து வந்து இலைமீது அமர்கிறது. நெல்லின் இலையோ மெழுகு பூசிய அரண். தாமரை இலைமேல் போலவே இதன்மேலும் நீர்த்துளி ஒட்டாமல் உருண்டோடும். பல்லும் நகமும் இல்லாத ஒரு துகள் இந்த அரணைப் பிளந்து உள்ளே புகுவது எங்ஙனம்? விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்து இதற்குக் கண்டிருக்கும் விடை மிகவும் விந்தையானது. அதன் சாரத்தை நேயர்களுக்கு இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எல்லா உயிர்களையும் போலவே இப்பூசணத்தின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஜீன்கள், அதாவது மரபணுக்கள், உண்டு. 2005-இல் வெளியான ஆராய்ச்சி இவற்றைச் சுமார் 11,000 என்று கணக்கிட்டது. இவை அனைத்தும் ஒரே சமயத்தில் வேலை செய்வதில்லை. பெரிய குடும்பத்தை நிர்வகிக்கும் மாதரசியின் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை நினைத்துப் பாருங்கள். நெற்குதிரைத் திறக்கும் வேளை வேறு. நகைப்பெட்டியைத் திறக்கும் வேளை வேறு. எல்லாவற்றையும் எந்நேரமும் திறந்து போட்டால் குடும்பம் உருப்படுமா? ஜீனுக்கு முன்னாலும் பூட்டுப் போன்ற ஒரு பகுதி இருக்கிறது. சில புரதங்கள் சாவிகளாக அமைந்து, உரிய காலத்தில் அப்பூட்டைத் திறக்கின்றன, வேண்டாதபோது மூடுகின்றன. பயிரைக் கொல்லும் வல்லமை ஏதோ ஒரு நஞ்சில் மட்டும் அடங்கியிருப்பதன்று. இச்சாவிகள் முறை தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புவதுதான் நோய்.

இலையின் மேலுள்ள பனித்துளியில் பூசணத்துக்கு உணவு கிடையாது. அந்தப் பசியே ஒரு கட்டளையாகிறது. தழைச்சத்துக் கிடைக்காதபோது மிகுதியாகத் திறக்கும் ஒரு ஜீனை டால்பட் முதலிய அறிஞர்கள் 1993-இல் கண்டறிந்தனர். அதனால் உண்டாகும் புரதம், மெழுகுப் பரப்பின்மேல் முளை பற்றிக்கொள்ளத் துணை செய்கிறது. கீழே இருப்பது கடினமான தளம் என்பதையும் பூசணம் உணர்ந்துகொள்கிறது. இச்செய்தியை உள்ளே கொண்டு செல்லும் ஏவலாளாக ஒரு புரதம் இருப்பதை, அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷூ, ஹேமர் என்னும் இருவர் 1996-இல் வெளிப்படுத்தினர். அதற்குப் ‘பி.எம்.கே. 1’ என்று பெயர். அதனை உண்டாக்கும் ஜீனை நீக்கிவிட்டால் வித்து முளைக்கிறது. ஆனால் மேற்கொண்டு செய்வதறியாமல் திகைத்து நிற்கிறது. இலையில் காயம் செய்து வழி திறந்து விட்டாலும் அதனால் பயிருக்குள் பரவ முடிவதில்லை!

ஏவலாள் பழுதின்றி வேலை செய்தால், முளையின் நுனி வீங்கிக் குமிழாகிறது. நமது தலைமயிருக்குக் கருமை தரும் மெலனின் என்ற பொருளின் இனத்தைச் சேர்ந்த ஒன்று அதன் சுவரில் பூச்சாகப் படிகிறது. உள்ளே கிளிஸரின் சேரச் சேர, நீர் உறிஞ்சப்பட்டு அழுத்தம் ஏறுகிறது. வித்தின் மூன்று அறைகளும் தம்மிடமுள்ள சத்தையெல்லாம் குமிழுக்கு ஈந்துவிட்டு மடிகின்றன. முடிவில் குமிழின் அழுத்தம் வாயு மண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்காகிறது. மோட்டார் வண்டியின் சக்கரத்தில் உள்ளதைக் காட்டிலும் இது ஏறக்குறைய 40 மடங்கு அதிகம். இவ்வளவு வலிவும் ஊசி முனைபோன்ற ஒரு நுண்ணிய முளைக்குப் பின்னால் நின்று தள்ளுகையில் இலையின் அரண் துளைபடுகிறது.

மெலனின் ஜீன்கள் கெட்டுவிட்ட பூசணம் வாசலிலேயே நின்று விடுகிறது. டிரைசைக்ளசோல் என்ற மருந்து வேலை செய்வதும் மெலனின் உண்டாகாமல் தடுப்பதனாலேயே. ஆனால் மருந்து தெளித்தால் அரிசியில் அதன் மிச்சம் தங்கக்கூடும். 2017-இல் ஐரோப்பிய யூனியன், ஒரு கிலோ அரிசியில் 0.01 மில்லிகிராமுக்குமேல் இம்மருந்து இருக்கலாகாது என்று வரம்பைக் குறைத்தபோது, நம் நாட்டுப் பாசுமதி வியாபாரிகள் பெரிதும் கலங்கினர். மருந்தையே நம்பியிருப்பதன் சங்கடம் அது.

பயிரே தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லையா? உண்டு. உள்ளே புகுந்த பூசணம் வேறொரு தொகுதி ஜீன்களைத் திறக்கிறது. அவற்றிலிருந்து வரும் புரதங்கள், பயிரின் காவலை மயக்கி உறங்கச் செய்பவை. எனினும் சில நெல் ரகங்களில், இம்மயக்குப் புரதங்களில் ஏதேனும் ஒன்றை இன்னதென்று அடையாளம் கண்டுகொள்ளும் ஜீன் இருக்கிறது. ‘பி-டா’ என்பது அத்தகைய காவலர்களுள் ஒன்று. காவலன் குரல் கொடுத்ததும் சுற்றியுள்ள சில உயிரணுக்கள் தாமே மடிந்து, பகைவன் மேலே செல்லாதபடி தடுத்து விடுகின்றன.

ஜீன்களைப் பிரித்தறியும் வித்தை தோன்றுமுன்பே, 1912-இல் ஏற்பட்ட கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இக்காவலின் பயனைக் குடியானவருக்கு அளித்தனர். ஆனைக்கொம்பனிலிருந்து பொறுக்கிய கோ 4 என்ற நெல் குலை நோயைத் தாங்கி நிற்பதைக் கண்டு, அதனை ஆடுதுறை 10 உடன் கலந்து கோ 25 என்ற ரகத்தைத் தோற்றுவித்தனர். கண்ணால் கண்டதைக் கொண்டு பொறுமையுடன் செய்த காரியம் அது.

ஆயினும் நோயைத் தாங்கும் ரகம் எக்காலமும் தாங்குவதில்லை. அதற்கும் சாவிதான் காரணம். ‘பி-டா’ என்னும் காவலனிடம் அகப்பட்டு வந்த பூசணம் ஒன்று திடீரென்று தப்பித்துக்கொண்ட வரலாறு 2001-இல் வெளியாயிற்று. காட்டிக்கொடுக்கும் ஜீன் அப்படியே இருந்தது. அதன் பூட்டில்மட்டும், இடம் விட்டு இடம் தாவும் இயல்புள்ள ஒரு ஜீன்துண்டு வந்து செருகிக்கொண்டது. பூட்டுத் திறக்கவில்லை, புரதம் வரவில்லை, காவலன் தூங்கிப்போனான். கோடானுகோடி வித்துகளில் ஒன்றே ஒன்றுக்கு இந்த அதிருஷ்டம் வாய்த்தால் போதும். ஒரே ரகம் விளையும் பல்லாயிரம் ஏக்கர் நிலமும் அதற்குத் திறந்த வீடாகிவிடும்!

ஆகவே ஒரே காவலனிடம் ஊரை ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கலாகாது. சீன தேசத்தில் யுன்னான் மாகாணத்துக் குடியானவர்கள் 1998, 1999-ஆம் வருஷங்களில், நோய்க்கு எளிதில் இரையாகும் பசைநெல்லை, நோய் தாங்கும் நெல்லுடன் வரிசை கலந்து நட்டார்கள். தனியே நட்ட பசைநெல்லோடு ஒப்பிட, கலந்து நட்டதில் நோயின் கடுமை 94 சதவிகிதம் குறைந்தது. விளைச்சல் 89 சதவிகிதம் கூடிற்று. இரண்டாண்டு முடிவில் அவர்கள் மருந்து தெளிப்பதையே விட்டுவிட்டனர். இதற்கு வேண்டியிருந்தது புதிய யந்திரமன்று, அக்கம்பக்கத்தாரின் ஒற்றுமையே.

இதில் நமக்கும் பாடம் உண்டு. தழைச்சத்து உரத்தை ஒரேயடியாகக் கொட்டினால் பயிர் பசுமையாகச் செழித்து, அதே காரணத்தால் குலை நோய்க்கு விருந்தாகிறது. அதைப் பிரித்துப் பிரித்து இடுவதே நன்று. நோய் கண்ட வயலின் வைக்கோலையும் விதையையும் அடுத்த பட்டத்துக்குக் கொண்டு செல்லலாகாது. நோய் தாங்கும் பல ஜீன்களை ஒரே நெல்லில் சேர்க்கும் முயற்சிகளுக்கு ஊக்கம் அளிக்க வேண்டும். பழைய ரகங்களின் விதையையோ, பாட்டன் சொத்தைப்போல் பேணிக் காக்க வேண்டும். நாளை எந்தக் காவலன் தேவைப்படுவான், அவன் எந்தக் குதிரில் உறங்குகிறான் என்று யார் கண்டது?

பூசணம் தன் சாவிக்கொத்தை ஒருபோதும் கீழே வைப்பதில்லை. நாமும் நம்முடையதை வைக்கலாகாது.