கூச்சம் பெரிதா? மகள் பெரிதா?

சுசீந்திரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு 19 வயது. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. முகமெல்லாம் பரு. மேவாயில் முடி. உடம்பும் பருத்து வருகிறது.

தாய் என்ன செய்கிறாள்? "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும். வெளியே சொல்லாதே!" என்கிறாள். தாணுமாலயனுக்கு நேர்ந்துகொள்கிறாள்.

நேர்ந்துகொள்ளட்டும்; தவறு இல்லை. டாக்டரிடம் காட்டாமல் இருப்பதுதான் தவறு.

இதற்குப் பி.சி.ஓ.எஸ். என்று பெயர். 'நீர்க்கட்டி' என்றும் சொல்வார்கள். 1935-ல் சிகாகோ நகர டாக்டர்கள் ஸ்டெயினும் லெவந்தாலும் 7 பெண்களைச் சோதித்து, இதைப் பற்றி எழுதினார்கள். இன்று, பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பலருக்கு, இருப்பதே தெரியாது!

கட்டி என்றதும் பதற வேண்டாம். இது புற்றுக்கட்டி அல்ல. முட்டை முழுதாக முதிராமல் நின்றுவிட்ட சிறு பைகளே 'ஸ்கேன்' படத்தில் அப்படித் தெரிகின்றன.

காரணம் என்ன? பலருக்கு உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் அது அளவுக்கு மேல் சுரக்கிறது. ஆண்களுக்கு அதிகம் இருக்க வேண்டிய சுரப்பும் கூடிவிடுகிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது. மாதவிலக்கு தவறுகிறது.

சும்மா விட்டால்? பிள்ளைப்பேறு தாமதமாகலாம். சர்க்கரை வியாதி வரலாம். கருப்பையின் உட்புறம் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் இடம் உண்டாகலாம்.

அடியோடு போக்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்க வழி உண்டு. தெப்பக்குளத்தைச் சுற்றித் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கலாம். சோற்றைக் குறைத்து, பயறு, கீரை, மீனைக் கூட்டலாம். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே, மாதவிலக்கு ஒழுங்குக்கு வரக்கூடும். ஒல்லியான பெண்ணுக்கும் இது வரலாம். மாத்திரை, டாக்டர் சொன்னால் மட்டுமே.

பூப்படைந்த முதல் இரண்டொரு ஆண்டு, நாள் முன்பின் ஆவது இயல்பு. ஆனால் மூன்று மாதம் வராவிட்டால், காத்திருக்கக் கூடாது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம்.

மாமியார்மார்களே! 'மலடி' என்ற சொல்லை வீசாதீர்கள். தகுந்த சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள்.

தாய்மார்களே! மகளிடம் இன்றே கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். கூச்சம் பெரிதா? மகள் பெரிதா?