கடல்நீருக்கும் எடை உண்டு

தென்னிந்தியாவில் நிலத்தடி நீர் கூடுகிறது என்று செயற்கைக்கோளே காட்டிவிட்டதாம். அப்படியிருக்க சென்னையின் வடக்கே மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் 'உப்புத் தண்ணி' என்று கூக்குரல் எதற்கு, போர் போடக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கிறார்கள் சிலர். அளவீட்டைப் புரிந்துகொள்ளாமல் கேட்டால் அறியாமை. புரிந்துகொண்டே கேட்டால் அது மோசடி.

2002க்கும் 2013க்கும் இடையில் தெற்கே நீரிருப்பு உயர்ந்தது என்று 2017இல் வந்த ஆய்வு சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வுக்குக் கைகொடுத்த கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் தண்ணீரின் தரத்தைப் பார்ப்பவை அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே நிறை மிகுந்த பகுதி வந்தால் முன்னது முதலில் இழுபடும், பின்னது அடுத்து. அந்த இடைவெளி மைக்ரான் கணக்கில் மாறுவதை வைத்து நிறை கூடியதா, குறைந்ததா என்று கண்டார்கள். அவ்வளவுதான். நன்னீரா உப்புநீரா என்று அதற்குத் தெரியாது.

மீஞ்சூரின் துயரமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நகருக்கும் ஆலைகளுக்கும் வயலுக்கும் இறைத்து இறைத்து நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே போனது. கடல் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. ஒரு கனமீட்டர் நன்னீர் 1000 கிலோ, கடல்நீர் சுமார் 1025 கிலோ. நன்னீர் போன இடத்தைக் கடல்நீர் நிரப்பினால் நிறை குறையாது, கூடும்! கிணறு பாழானதையே வளம் பெருகியதாகக் காட்டக்கூடிய கருவியைத்தான் இவர்கள் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

அதுவும் இங்கே அந்தச் சாட்சி செல்லாது. கிரேஸ் தெளிவாகப் பிரித்தறியும் பரப்பு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் அகலம். சென்னையை நடுவில் வைத்தால் அதில் பாதி வங்காள விரிகுடா. ராயபுரத்துக்கும் மீஞ்சூருக்கும் தனித்தனி எண் அதில் கிடையாது. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாவில் ஆறாண்டுகளில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போனதை 2009இல் இதே கோள்களைக் கொண்டு நிறுவினார்கள். அது விரிந்த நிலப்பரப்பு. அங்கே பொருந்திய கருவியை நம் கடலோரக் கிணற்றுக்குள் இறக்க முடியாது.

இறைப்பைக் கட்டுப்படுத்தும் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987இலேயே வந்தது. ஒருகாலத்தில் நகருக்கு நன்னீர் தந்த மீஞ்சூர் வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010இல் திறந்தோம். கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்பவர்கள் விண்வெளிப் படத்தை மடித்து வைத்துவிட்டு, மீஞ்சூர்க் கிணறுகளின் உப்பளவை ஆண்டுவாரியாகக் கொண்டுவந்து பேசட்டும்.