வழுக்கையும் ஆய்வுகூடமும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் மாலைக் காற்று வீசியும் தொப்பியைக் கழற்ற நாணினார் எம் மாணவரொருவர். கைப்பணமெல்லாம் எண்ணெய்ப் போத்தல்களிற் கரைந்த பின்னரே எம்மிடம் வழி கேட்டார்.

ஆண் ஓமோன் இன்றி இவ்வகை வழுக்கை தோன்றாதென 1942 இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹமில்டன் காட்டினார். அவ்வோமோனிலிருந்து உடலில் உண்டாகும் வேறொரு பொருளே, பரம்பரை இயல்புடையோரின் மயிர்க்கால்களைச் சிறுக்கச் செய்கின்றது. வெளியே பூசும் எண்ணெய் இதனை எங்ஙனம் தடுக்கும்?

இரத்த அழுத்தத்துக்கு உண்ட மினொக்சிடில் மயிரையும் வளர்த்தது கண்டு, அதனைத் தலைக்குப் பூசும் மருந்தாக்கினர். 1988 இல் அமெரிக்கா அனுமதித்தது. மேற்கூறிய பொருளைக் குறைக்கும் பினாஸ்டெரைட் மாத்திரைக்கு 1997 இல் அனுமதி கிடைத்தது. இரண்டையும் நிறுத்தினாற் பயன் நீங்கும், பக்கவிளைவுகளும் உள. வைத்தியரைக் கேட்டே கொள்க.

வேண்டாமெனினும் இழுக்கில்லை. வாவிக் காற்று எமது வழுக்கையிலும் குளிர்ந்தே வீசுகின்றது, தம்பி!