பிராண்டைக் கேக்காதீங்க, பேரிங் நம்பரைக் கேளுங்க

டிஸ்கி: எந்த போர்டு கம்பெனியோடயும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பேங்க்ல கடன் குடுக்கிறது மட்டும்தான் தொழில் :-)

நம்ம ஜனங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. எந்தப் பொருளை வாங்கப் போனாலும் முதல் கேள்வி, "எது சார் பெஸ்ட் பிராண்டு?" குக்கருக்கும் அதே கேள்விதான், பிள்ளையைச் சேர்க்கிற காலேஜுக்கும் அதே கேள்விதான். இப்ப அது மவுண்டன் போர்டு வரைக்கும் வந்து நிக்குது. அந்தக் கேள்வியே தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்காக நாலு வரி. ஸ்கேட்போர்டுக்கு அண்ணன் மாதிரி ஒரு பலகை. கால் மாட்டிக்க வார், அடியில காத்தடிச்ச நாலு டயர். மலைச்சரிவுல இறங்குறதுக்காக 1990களின் தொடக்கத்துல வந்த சாமான். சரிவே இல்லாத சமதரையில ஓட்டணும்னா, ஒரு பெரிய பட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு அது இழுக்கிற இழுப்புல போகணும். இதுக்குப் பேரு கைட் லேண்ட்போர்டிங். பட்டம் வண்டி இழுக்கிறது ஒண்ணும் புதுசு இல்லை. இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊர் பள்ளிக்கூட வாத்தியார் ஜார்ஜ் போகாக், பட்டம் இழுக்கிற வண்டிக்கு 1826லயே காப்புரிமை வாங்கிட்டார்.

வேலை நிமித்தமா மைசூர் வந்து தங்கிட்ட நம்ம குடும்பங்கள்ல கதை எப்படிப் போகும்னு எனக்கு மனப்பாடம். பையன் வீடியோ பார்க்கிறான். ஜெர்மனியில இருக்கிற சித்தப்பா, "எந்த மாடல்னு மட்டும் சொல்லு, நான் அனுப்பறேன்"ங்கிறார். சித்தப்பா இல்லாத வீட்டுல அப்பா பர்சனல் லோனுக்குக் கிளம்பிடறார். ராத்திரி பூரா எம்.பி.எஸ்.ஸா, டிராம்பாவா, கியோவான்னு வீட்டுல பட்டிமன்றம். என்னை நடுவரா இருக்கச் சொன்னா நான் குடுக்கிற தீர்ப்பு இதுதான்: மூணு அணியும் பேச வேண்டியதைப் பேசலை.

முதல்ல பிராண்டுகளுக்குக் குடுக்க வேண்டிய மரியாதையைக் குடுத்துடுவோம். எம்.பி.எஸ். அமெரிக்காவுல கொலராடோவில் 1993ல் ஆரம்பிச்ச கம்பெனி. டிராம்பா இங்கிலாந்து, நாட்டிங்ஹாம். கியோ பிரான்ஸ். மூணும் இந்த விளையாட்டுல தெரிஞ்ச பேர், மூணும் ஒழுங்கான சாமான். டிராம்பா பலகை கண்ணாடி இழை சேர்த்து அழுத்திச் செஞ்சது, ஓட்டுறவங்க எடைக்குத் தக்கபடி வளைவு பார்த்து வாங்கலாம். எம்.பி.எஸ்.ல காம்ப் 95, கோல்ட் 90ன்னு மாடல் பேர்ல இருக்கிற நம்பர் பலகையோட நீளம், சென்டிமீட்டர்ல. 90ஐ விட 95 நீளம், அவ்வளவுதான். நம்பர் கூடினா தரம் கூடுதுன்னு நினைச்சுக் காசைக் கூட்டாதீங்க. பலகை மேல நிக்கவே தெரியாத பையனுக்கு மரப் பலகைக்கும் கண்ணாடி இழைக்கும் உள்ள வித்தியாசம் முதல் வருஷம் தெரியவே தெரியாது.

அப்ப எதைத்தான் பார்க்கிறது? மைசூர்ல உட்கார்ந்துக்கிட்டு வாங்குறவங்க பார்க்க வேண்டியது இது:

1. அச்சு எத்தனை மில்லிமீட்டர்?

இந்த போர்டுகள்ல சக்கர பேரிங் பெரும்பாலும் 28 மி.மீ. வெளி விட்டம். உள் துளை அச்சுக்கு ஏத்த மாதிரி 9.5 மி.மீ. அல்லது 12 மி.மீ. யாரும் கவனிக்கிறதே இல்லை, ஆனா எல்லாமே இங்கதான் இருக்கு. உள்ளே 12, வெளியே 28, தடிமன் 8. இந்த அளவுக்கு உலகம் பூரா ஒரே நம்பர்: 6001. மோட்டார், பைக்னு எதெதுக்கோ போடுற சாதாரண பேரிங். எந்த ஊர் பேரிங் கடையில போய் "6001, ரெண்டு பக்கம் ரப்பர் சீல்"ன்னு கேட்டாலும் எடுத்துக் குடுப்பாங்க. 9.5ங்கிறது முக்கால் அங்குலத்துல பாதி, அதாவது எட்டுல மூணு அங்குல அச்சு. அந்தத் துளையும் 28 மி.மீ. வெளி விட்டமும் சேர்ந்த பேரிங் இந்த விளையாட்டுக்குன்னே செய்யறது. ஒரு போர்டுக்கு எட்டு பேரிங். மணல்ல ஓட்டினா தேயாம இருக்காது. எட்டு பேரிங்குக்காக வருஷா வருஷம் சித்தப்பாவுக்கு மெயில் போடணுமா, தெருமுனைக் கடைக்கு நடந்து போகணுமா? முடிவு உங்க கையில.

2. டியூப் என்ன சைஸ்?

8 அங்குல டயர்னா 200க்கு 50. சின்ன மின்சார ஸ்கூட்டர்களுக்குப் போடுற அதே அளவு, அதனால டியூப் இங்கயே கிடைக்கும். 9 அங்குலம் மென்மையான மணலுக்கு நல்லதுதான், ஆனா தேடிப் பிடிக்கணும். நம்ம பக்கம் தரையில என்ன கிடக்குன்னு ஐரோப்பாக்காரனுக்குத் தெரியாது. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல முள், இங்க பொட்டல்ல நெருஞ்சி. பஞ்சர் ஆகுமாங்கிறது கேள்வியே இல்லை, எத்தனை தடவைங்கிறதுதான் கேள்வி.

3. டிரக் எந்த வகை?

லாரி இல்லைங்க, அச்சைப் பலகையோட சேர்க்கிற உலோகத் துண்டு. ஸ்கேட்போர்டு மாதிரி ரப்பர் அமுங்கித் திரும்புற வகை ஒண்ணு, ஸ்பிரிங் வெச்ச வகை ஒண்ணு. ஸ்பிரிங் வகையில இறுக்கத்தை எடைக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கலாம். வேகம் எடுக்கும்போது பலகை ஆடாம இருக்க இது உதவும். ஒரு வகைக்குச் செஞ்ச பலகை நுனியோட சாய்வு இன்னொண்ணுக்குப் பொருந்தாது. அதனால "அப்புறம் மாத்திக்கலாம்"ங்கிற சமாதானம் எடுபடாது, வாங்கும்போதே கேளுங்க.

4. பிரேக் வேண்டாம்.

சில போர்டுகளோட கைப்பிடி பிரேக் சேர்த்து விப்பாங்க. மலைச்சரிவுக்கு அது சரி. பட்டத்தோட ஓட்டுறவனுக்கு ரெண்டு கையும் பட்டத்தோட பார்லதான் இருக்கும். பிரேக்கை எந்தக் கையால பிடிப்பான்? அந்தக் காசுக்கு நல்ல ஹெல்மெட், முழங்கால் கவசம், மணிக்கட்டுக் கவசம் வாங்குங்க. கால் வாரையும் ஆரம்பத்துல இறுக்கிக் கட்டாதீங்க. விழும்போது கால் வெளியே வரணும்.

இப்ப என் தொழில் சம்பந்தமா ஒரு விஷயம். வெளிநாட்டுல 400 டாலர்னு போட்டிருக்கிற விலை 400 டாலர் இல்லை. இறக்குமதி வரி பொருள் விலைக்கு மட்டும் போடுறதில்லை. அனுப்புற கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டின தொகைக்குச் சுங்க வரி, அதுக்கும் மேல ஜி.எஸ்.டி. இது கனமான, நீளமான பெட்டி. கூலியே பலமா வரும், அந்தக் கூலிக்கும் வரி. அப்புறம் "வட்டியில்லா இ.எம்.ஐ."ன்னு விளம்பரம் பார்த்து மயங்காதீங்க. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல சுற்றறிக்கை விட்டுச்சு. "12 சதவீதம் ஃபிளாட்"ன்னு சொல்றவங்ககிட்ட 60,000 ரூபா வாங்கி 24 மாசம் 3,100 கட்டினா, குறையுற அசலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. கிட்டத்தட்ட 21.5 சதவீதம் வருது. விளையாட்டுச் சாமானுக்கு இந்த வட்டியா?

பணம் போனா சம்பாதிக்கலாம். எனக்கு நிஜமான கோபம் வேற இடத்துல. பலகையைப் பத்தி மூணு மாசம் வாதாடுற வீட்டுல பட்டத்தைப் பத்தி மூணு நிமிஷம் பேச்சு இல்லை. ஆளைத் தூக்கி அடிக்கிறது பலகை இல்லைங்க, பட்டம்.

காத்தோட வேகம் கூடினா இழுப்பு அதே அளவுல கூடாது, வேகத்தோட வர்க்கத்துல கூடும். மணிக்கு 20 கி.மீ. காத்து 28 ஆனாலே இழுப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 40 ஆனா நாலு மடங்கு. "ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்"னு நம்ம பாட்டிங்க சும்மா சொல்லலை. கன்னடக்காரங்க பட்டம் விடுற ஆஷாட மாசமும் ஏறக்குறைய அதே காத்துக் காலம்தான். அது கையில பிடிக்கிற காகிதப் பட்டம். இது ஆளையே கட்டி இழுக்கிற பட்டம். கடல்ல விழுந்தா தண்ணி, இங்க விழுந்தா கட்டாந்தரை.

அதுக்கு மைசூர்ல இடம் எங்க இருக்குன்னு சொல்லுங்க. மரமும் கட்டடமும் இருக்கிற இடத்துல அதுங்களுக்குப் பின்னாடி ரொம்ப தூரத்துக்குக் காத்து சுழிச்சு சுழிச்சுத்தான் வரும். பட்டம் ஒரு நொடி தொங்கும், அடுத்த நொடி இழுக்கும். லைன் மட்டுமே 20 மீட்டருக்கு மேல நீளம். அந்த வட்டத்துக்குள்ள ஒரு மின்கம்பி வந்தா என்ன ஆகும்னு விளக்க வேண்டியதில்லை. ரிங் ரோடு ஓரம் காலி மனையைப் பார்த்து "சூப்பர் கிரவுண்டு"ங்கிறவங்க கொஞ்சம் தலையை நிமிர்த்தி மேலே பாருங்க. மண்டகள்ளி பக்கம் விமான நிலையம் வேற. 1934ஆம் வருஷ விமானச் சட்டம் பட்டத்தையும் விமானக் கணக்குலதான் சேர்த்திருந்துச்சு. அந்தச் சட்டம் போய் 2025ல புதுச் சட்டம் வந்தாச்சு, ஆனா ஓடுபாதைக்குப் பக்கத்துல பட்டம் ஆபத்துங்கிறது மாறலை.

இன்னொரு கணக்கு. மைசூர் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 760 மீட்டர். இங்க காத்து கடற்கரையை விட சுமார் 7 சதவீதம் அடர்த்தி கம்மி, இழுப்பும் அந்த அளவுக்குக் கம்மி. இங்க பழகின பட்டத்தோட அதே தைரியத்துல கடற்கரைக்குப் போனா, அதே வேகக் காத்துலயே கூடுதலா இழுக்கும்.

சரி, எங்கதான் கத்துக்கிறது? நம்ம ஊர்லதான். ராமேஸ்வரம் தீவுல கைட்சர்ஃபிங் சொல்லிக் குடுக்கிறாங்க. கோடையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் தெக்கத்திக் காத்து, டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வாடைக் காத்து, ஆழமில்லாத தண்ணி. தண்ணியில ஓட்டுற கைட் 2024 பாரிஸ் ஒலிம்பிக்லயே ஒரு போட்டி. விளையாட்டுத்தனம்னு யாரும் ஒதுக்க முடியாது. பட்டத்தை எழுப்புறது, இறக்குறது, அவசரத்துல கழட்டி விடுறது எல்லாத்தையும் முதல்ல தண்ணியில, ஆசிரியர் பக்கத்துல நிக்க, கத்துக்கணும். அந்தக் கழட்டி விடுற பூட்டுக்குன்னே 2020ல ஐ.எஸ்.ஓ. 21853ன்னு ஒரு தரம் வந்திருக்கு. பிராண்டு கேக்கிற ஆர்வம் இருந்தா அதைக் கேளுங்க: "இந்த பார் 21853க்குச் சோதிச்சதா?"

எதிர்வாதம் தெரியும். "விலை கூடினதுதான் பாதுகாப்பு, பிள்ளை விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணலாமா?" நான் கம்மியாச் செலவு பண்ணச் சொல்லவே இல்லை, வரிசையை மாத்தச் சொல்றேன். முதல்ல பயிற்சி. அப்புறம் ரெண்டு மூணு சதுர மீட்டர் பழகு பட்டம். அப்புறம் தலைக்கும் மணிக்கட்டுக்கும் கவசம். கடைசியா பலகை, அதுவும் 12 மி.மீ. அச்சு, 8 அங்குல டயர், பழசா இருந்தாலும் பரவாயில்லை. "நல்ல பிராண்டுன்னா வித்தா காசு வருமே"ங்கிறவங்களுக்கு: இந்த ஊர்ல யார்கிட்ட விப்பீங்க? வாங்க ஆள் இல்லாத பொருளுக்கு மறுவிற்பனை விலைன்னு ஒண்ணு கிடையாது, எங்க பேங்க்லயும் அடமானம் எடுக்க மாட்டோம்.

ஊரை விட்டு வந்த நமக்கு ஒரு குறை இருக்கு. பிள்ளைங்களோட இருக்க நேரம் இல்லாததுக்குப் பெட்டியைப் பெருசாக்கிக் காட்டுறோம். பெட்டி மேல ஒட்டியிருக்கிற பேர் பெருசா இருந்தா பாசமும் பெருசுன்னு நினைக்கிறோம். கோடை லீவுல ஊருக்குப் போறப்போ நாலு நாள் ராமேஸ்வரத்துல தங்கி, மகனோ மகளோ பட்டத்தைப் பிடிக்கக் கத்துக்கிறதைக் கரையில நின்னு பாருங்க. அதுக்கு ஆகுற செலவு கடனா வாங்குற பலகையை விடக் குறைச்சல்தான். பலகை அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். அப்ப கடைக்காரன் பிராண்டு பேர் சொல்வான். உங்க பிள்ளை பேரிங் நம்பர் கேக்கும்.