கேனானா, நிக்கானா?

எதிர்வீட்டுப் பையன் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாரீசுக்குப் போகிறானாம். அவன் அக்கா அங்கே இருக்கிறாள். "தாத்தா, நல்ல கேமராவா ஒண்ணு வாங்கிட்டுப் போகலாம்னு இருக்கேன். கேனானா, நிக்கானா?" என்று கேட்டான். இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் ஊரெல்லாம் கேட்டவன்தான். அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எந்தக் கேமரா உசத்தி என்று நாம் முடிவு செய்வதாக நினைக்கிறோம். பாதி முடிவை நாம் இருக்கிற ஊர் செய்துவிடுகிறது. எங்கள் சின்ன வயதில் வெளிநாட்டுக் கேமரா சுலபத்தில் கிடைக்காது. இங்கேயே செய்த அக்ஃபா கிளிக் 3 ஒரு வீட்டில் இருந்தால் அது வசதியான வீடு. ஒரு சுருளுக்கு 12 படம். எண்ணி எண்ணித்தான் எடுப்பார்கள். எங்கள் புதுச்சேரியில் இன்னொரு வழியும் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாக்கள் விடுமுறையில் வரும்போது கழுத்தில் ஃபோக்காவோ கோடாக்கோ தொங்கும். ஃபோக்கா என்பது போருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்களே செய்த கேமரா. சோவியத் நாட்டில் ஃபெட், சோர்க்கி, ஜெனித் என்று வேறு பெயர்கள். அவரவருக்குக் கிடைத்ததே அவரவருக்கு உசத்தி.

மீதிப் பாதி, பிறர் சொல்லிக் கேட்டது. 1950இல் லைஃப் பத்திரிகைக்காகப் படம் எடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன் என்ற அமெரிக்கர் ஜப்பானில் இருந்தபோது, அங்கே செய்த நிக்கார் லென்ஸைத் தன் லைக்காவில் மாட்டிப் பார்த்தார். படம் அவ்வளவு துல்லியம். கொரியப் போருக்குப் போன மற்ற நிருபர்களிடமும் செய்தி பரவியது. நிக்கானின் பெயர் உலகம் சுற்றியதில் அந்த வாய்வார்த்தைக்குப் பெரிய பங்கு உண்டு. கேனானின் கதை வேறு. 1934இல் செய்த முதல் மாதிரிக்குக் கருணைத் தேவதையான குவானோனின் பெயரைத்தான் வைத்தார்கள். புகைப்படக் கலையையே 1839இல் உலகத்துக்கு அறிவித்த நாடு பிரான்ஸ். இன்று அந்த நாட்டுக்காரர்கள் கழுத்திலும் ஜப்பான் கேமராதான் தொங்குகிறது.

இனி என் கதை. 2011இல் ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பாரீசில் இருக்கும் மகள் வீட்டுக்கு மனைவியோடு போனேன். போவதற்கு முன் மூன்று மாதம் விசாரித்து ஒரு கேமரா வாங்கினேன். எது என்று சொல்லமாட்டேன். கேமரா மேல் குற்றமே கிடையாது. இரண்டு லென்ஸ், ஃபிளாஷ், முக்காலி, இவற்றுக்கெல்லாம் ஒரு பெரிய பை.

த்ரொக்கதேரோ மேடையிலிருந்து ஐஃபல் கோபுரம் நேர் எதிரே தெரியும். அங்கே முக்காலியை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். கறுப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்து என்றால் நிக்கான், சிவப்பும் வெள்ளையும் என்றால் கேனான். பல நாட்டு ஆட்கள். எல்லோரும் அடுத்தவன் லென்ஸ் எவ்வளவு நீளம் என்று ஓரக்கண்ணால் பார்த்தோம். என் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, குளிருது, போலாமா?" என்றாள். "ஒரு நிமிஷம்" என்றேன். அந்தப் பயணம் முழுக்க நான் சொன்னது அந்த ஒரு நிமிஷம்தான்.

ஊருக்கு வந்தபோது ஆயிரத்துக்கு மேல் படம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவள் போய்ச் சேர்ந்தாள். கூடத்தில் மாட்ட ஒரு படம் தேடினேன். கோபுரம் இருக்கிறது, மாதாகோவில் இருக்கிறது, சேன் நதிப் பாலங்கள் ஒவ்வொன்றும் இருக்கிறது. அவள் இருக்கிற படம் பதினொன்று. எல்லாவற்றிலும் ஓரமாக, பையோடு. கடைசியில் மாட்டியது என் பேத்தி தன் கைப்பேசியில் எடுத்த படம். லுக்சம்பூர் தோட்டத்துப் பச்சை இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து எதற்கோ சிரிக்கிறாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன்.

தொழில்காரர்களைச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் படம் எடுப்பவருக்கும் காட்டில் பறவை எடுப்பவருக்கும் அந்தச் சாமான் எல்லாம் வேண்டும். எந்த பிராண்ட் என்பதும் அவர்களுக்கு முக்கியம். ரிப்பேர் செய்ய ஆள் வேண்டும், அவசரத்துக்கு லென்ஸ் கடன் கேட்க நண்பர் வேண்டும். ஊர் பார்க்கப் போகும் நமக்கு எதற்கு? ஆன்ரி கார்த்தியே-ப்ரெசோன் 1950 ஏப்ரலில் இங்கே வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அவ்வளவு பெரிய ஆள், பெரும்பாலும் ஒரு சிறிய லைக்காவும் 50 மில்லிமீட்டர் லென்ஸுமாகவே வாழ்நாளை ஓட்டினார்.

ஆகவே என் கருத்து இது. எந்த பிராண்டாக இருந்தாலும் ஒரே கேமரா, ஒரே லென்ஸ். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிக் கடற்கரைச் சாலையில் எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். உபரி பேட்டரியை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், மறக்காதீர்கள். கோபுரத்தை நம்மைவிட நன்றாக எடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம்மோடு வந்தவரை எடுக்க நம்மை விட்டால் ஆள் இல்லை.

பையன் இன்னும் முடிவுக்கு வரவில்லை. நேற்று தெருமுனைக் கடையில் அவன் அம்மாவைப் பார்த்தேன். "அவன் என்ன கேமரா வேணும்னாலும் வாங்கட்டும்மா. பையை மட்டும் நீ தூக்காதே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.