தீராத காதுநோய்

கடைசி வாங்கில் அமர்ந்து, கேட்ட வினா ஒன்றாக விடை வேறொன்றாகக் கூறும் மாணவன் ஒருவனை மந்தன் என்றே நாம் முன்னர் எண்ணியிருந்தோம். சிறுவயது முதல் அவன் காதிற் சீழ் வடிகிறதென்றும், மருந்தால் நின்று பின்னும் வருகிறதென்றும் அன்னையார் வந்து கூறியபோதே எமது பிழை எமக்குப் புலனாயிற்று.

மருந்துண்டும் இந்நோய் மீள்வதேன்?

செவிப்பறைக்கு அப்பாலுள்ள சிற்றறையே நடுக்காது. ஒடுங்கிய குழாயொன்று அதனை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கின்றது. சிறுவரில் இக்குழாய் குறுகியதாதலின், தடிமன் காலத்திற் கிருமிகள் எளிதில் உட்புகுகின்றன.

நெடுநாள் நோயுற்ற காதின் நீரை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது, பலமுறை கிருமி எதுவும் தோன்றவில்லை. ஆகவே, கிருமிகள் மாண்டன, அழற்சியே எஞ்சியது என மருத்துவர் பலர் கருதினர். 2006ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இத்தகைய நோயுற்ற 26 சிறுவரின் நடுக்காதுச் சவ்விலிருந்து பெற்ற 50 துணுக்குகளை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தனர். அவற்றுள் 46இல் கிருமிகள் கூட்டமாய்ப் படலம் அமைத்து வாழக் கண்டனர்.

இதுவே உயிர்ப்படலம் எனப்படுவது. கிருமிகள் பசைபோன்ற பொருளைச் சுரந்து அதனுள் ஒடுங்கி, மெல்ல வளர்கின்றன. அந்நிலையில் மருந்து அவற்றை முற்றாகக் கொல்வதில்லை. பின்னர் அங்கிருந்து பிரிவன நோயைப் புதுப்பிக்கின்றன. பல்லிற் படியும் ஊத்தையும் இவ்வினத்ததே. வாய் கொப்புளித்தாற் போகாதது, தேய்த்தாற் போகின்றதன்றோ?

இதனாலேயே, சீழ் வடியும் காதை மருத்துவர் துடைத்து உலர்த்தித் துளிமருந்து இடுகின்றனர். நீர் நெடுநாள் தேங்கின், செவிப்பறையிற் சிறு குழாய் பொருத்துவதும், துளை ஆறாவிடிற் சத்திரசிகிச்சை செய்வதும் உண்டு.

பெற்றோரே, வடியும் காதில் எண்ணெய் வார்க்க வேண்டாம். குளிக்கும்போது நீர் புகவும் விடவேண்டாம். வடிதல் நின்றதெனச் சிகிச்சையை இடையில் நிறுத்தாதீர்கள். ‘வயது வந்தால் மாறிவிடும்’ என்று வாளாவிருத்தல் பெருந்தவறு. கேள்வி குன்றும், அரிதாகச் சீழ் எலும்பையும் அரித்து மூளைவரை செல்லும்.

அம்மாணவனை நாம் முன்வாங்கில் இருத்தினோம். அன்றுமுதல் அவன் விடைகளும் திருந்தின. அழைத்துத் திரும்பாத பிள்ளையைக் கடியுமுன், அவன் காதை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவோமாக.